பீடத்துச் சாடியும் வரவேற்பறை மேசையும்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

சடங்குப் பொருளொன்று தன் சடங்கிலிருந்து பிரிக்கப்பட்டதும் அலங்காரப் பொருளாக மாறுகின்றது. இம்மாற்றத்தைச் சுவை பற்றிய செய்தியாக மட்டும் கொள்வதற்கில்லை. அது உடைமை பற்றிய செய்தியுமாகும். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியக் கோவில்களுக்கெனச் செதுக்கிப் பொன்னிட்ட மரச்சாடிகள் இன்று மேலைநாட்டு வீடுகளில் விளக்குத் தண்டுகளாகவும் மேசை அணிகளாகவும் நிற்கின்றன. அவை அங்கு வந்து சேர்ந்த வழியை அறிதல் மன்னார்க் கரையினருக்கும் பயனுடையது.

இச்சாடிகள் பீடத்தின் படிகளில் மெழுகுதிரித் தண்டுகளுக்கிடையே வைக்கப்பட்டவை. துணியாலும் தாளாலும் தகட்டாலும் ஆன பூங்கொத்துகளைத் தாங்குவதே அவற்றின் பணி. மென்மரத்தைக் கடைந்தும் செதுக்கியும் உருவாக்கியபின், சுண்ணத்தூளும் விலங்குத்தோற் பசையும் கலந்த பூச்சினைப் பன்முறை இடுவர். தஞ்சாவூர் ஓவியங்களிற் சுண்ணப் பசையால் மேடு எழுப்பித் தங்கரேக்கு ஒட்டும் முறையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. அதன்மேற் செங்களிமண் பூச்சு. அதன்மேல் நீரால் நனைத்து ஒட்டிய தங்கரேக்கு. இறுதியில் வழுவழுப்பான அகேட் கல்லால் தேய்த்து மெருகிடுதல். பொன்னுக்கு வசதியற்ற ஊர்க்கோவில்கள் வெள்ளிரேக்கை ஒட்டி, அதன்மீது மஞ்சள் வண்ணெய் பூசிப் பொன்போலத் தோன்றச் செய்தன. ஏழைக் கோவிலின் பொருள் எது என்பதைக் காட்டும் தடயமாக இவ்வண்ணெய் இன்று ஆய்வாளருக்கு உதவுகின்றது.

இன்னுமொன்று. இவற்றுட் பலவற்றின் பின்புறம் தட்டையானது. பொன்னும் இல்லை, பூச்சும் இல்லை. மக்கள் கண்படும் பக்கத்துக்கே பொன் செலவிடப்பட்டது. உளியின் தடம் வெளிப்படையாகத் தெரியும் அப்பின்புறமே, பெரும்பாலும் பெயர் அறியப்படாத தச்சன் விட்டுச்சென்ற கையொப்பம் எனலாம்.

இவை சந்தைக்கு வந்ததற்கு அரசியற் காரணம் உண்டு. நெப்போலியன் காலத்தில் துறவு மடங்கள் பல மூடப்பட்டன. பின்னர் ஒன்றிணைந்த இத்தாலியின் அரசு 1866, 1867 ஆம் ஆண்டுச் சட்டங்களால் மடங்களைக் கலைத்துத் திருச்சபைச் சொத்தினை விற்பனைக்குக் கொணர்ந்தது. பெரும் ஓவியங்கள் அரும்பொருளகங்களுக்குச் செல்ல, சாடியும் திரித்தண்டும் வணிகர் கைக்குச் சென்றன. சோடியாகவோ ஆறாகவோ இருந்தவை பிரிந்தன. எந்தக் கோவிலுக்குரியவை என்ற செய்தி முதலில் அழிந்தது.

மன்னாரில் நிகழ்ந்தது வேறு. 1560 இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். 1658 இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்க வழிபாடு தடைப்பட்ட அவ்வாட்சியில், மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தை 1670 இல் சில குடும்பத்தினர் காட்டுக்குள் கொண்டுசென்றனர் என்பது மரபுச் செய்தி. அதுவே மடுவின் சுரூபம். 2008 ஏப்பிரலில் போர் நெருங்கியபோதும் அச்சுரூபம் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அவ்வாண்டு ஓகத்தில் மடுவுக்கு மீண்டது. இத்தாலியில் சட்டம் கோவிற் பொருளை வணிகனிடம் சேர்த்தது. இங்கு அச்சம் அதனை மக்கள் தோளில் ஏற்றியது. தோளில் ஏறியதற்கு விலை குறிக்கப்படவில்லை.

பிற்காலப் பொருள்களின் நிலை இத்துணை உறுதியானதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்தின் கத்தோலிக்கத் தலைமையை ஏற்ற பெற்றாக்கினியும் அவருக்குப் பின்வந்த செமேரியாவும் இத்தாலியர். 1981 இல் தனி மறைமாவட்டம் ஆகும்வரை மன்னார் யாழ்ப்பாணத்துடனேயே இருந்தது. ஐரோப்பியப் பாணிப் பீடமும் படியும் திரித்தண்டும் இக்கரையின் கோவில்களில் வேரூன்றிய சூழல் இதுவே. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற வத்திக்கான் சங்கத்தின் பின் குரு மக்களை நோக்கி நின்று பூசை நிகழ்த்தலானார். படியடுக்குப் பீடங்கள் தம் பயனை இழந்தன. உலகெங்கும் பழைய தளபாடங்கள் களஞ்சிய அறைக்குச் சென்றன. அவை விற்கப்படுவதைக் கண்டு உரோமை 1971 இல் ஆயர்களுக்கு எச்சரிக்கை மடல் விடுத்தது. 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1292 ஆம் விதி, கலையாலோ வரலாற்றாலோ அருமையான பொருளைக் கைமாற்றத் திருப்பீடத்தின் அனுமதி வேண்டும் என்கிறது.

நாட்டுச் சட்டமோ வேறொரு கோடு கிழித்தது. 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவற்றையே தொல்பொருளென வரையறுத்தது. கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சியை எல்லையாகக் கொண்ட இக்கோடு, 19ஆம் நூற்றாண்டுக் கரையோரக் கோவிலின் மரவேலையை வெளியே நிறுத்திவிடுகின்றது. ஒரு மீனவக் கிராமம் தன் உழைப்பிற் கொடுத்த பணத்தால் அமைத்த பீடம், கண்டி அரசனின் காலத்துக்குச் சில ஆண்டுகள் பிந்தியதாலேயே மதிப்பிழக்க வேண்டுமோ?

வீட்டில் புனிதக் கலம் இருப்பது தவறென்று நாம் கூறவில்லை. நிறைகுடம் கோவிலிலும் உண்டு, வீட்டு வாயிலிலும் உண்டு. இரண்டிடத்தும் அதற்கு வேலை உண்டு. ஊரார் அறியாமல் ஒருவர் விற்று, ஊர்ப்பெயர் அறியாமல் ஒருவர் வாங்கும் பொருளே வேலையற்ற அணியாகின்றது.

ஆதலின் முதற் பணி பட்டியலாகும். பேசாலை முதல் அரிப்பு வரை பங்குதோறும் களஞ்சிய அறையிலுள்ள மரவேலைகளுக்கு எண்ணிட்டு, அளவெடுத்து, எப்பீடத்தில் எப்படியில் இருந்ததென்று முதியோரிடம் கேட்டு எழுதுதல் வேண்டும். கரையோர ஈரமும் கறையானும் காத்திரா. படமெடுப்போர் பின்புறத்தையும் படமெடுத்தல் வேண்டும்.