இலவசமாக வந்த நிரலை ஏன் மறுத்தார்கள்?

ஒரு கம்பெனி தன்னுடைய கிராபிக்ஸ் டிரைவரை ஓப்பன் சோர்ஸாகவே எழுதித் தருகிறது. உரிமத்தில் சிக்கல் இல்லை. எழுதியவர்களும் அந்தச் சிப்பை வடிவமைத்த கம்பெனியின் ஆட்கள்தான். அப்படியும் லினக்ஸ் கெர்னல் "வேண்டாம்" என்று சொல்லுமா? சொல்லும். 2016 டிசம்பரில் ஏஎம்டிக்கு அப்படித்தான் பதில் வந்தது. ஏன் என்று பார்த்தால் கெர்னல் எப்படி நடக்கிறது என்பதும் ஓரளவு புரிந்துவிடும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர் ஒரே துண்டாக இருக்காது. ஒரு பாதி கெர்னலுக்குள் இருக்கும்: கார்டின் நினைவகத்தைப் பங்கிடுவது, வேலைகளை வரிசையில் விடுவது, மானிட்டரில் படம் வரவைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. இன்னொரு பாதி கெர்னலுக்கு வெளியே, பெரும்பாலும் மெசா என்ற திட்டத்தில் இருக்கும். ஒரு கேமோ பிரவுசரோ வரையச் சொல்வதைச் சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றுவது அதன் வேலை. கெர்னல் பக்கத்துப் பாதிகள் டிஆர்எம் என்ற துணை அமைப்பின் கீழ் வரும். அப்போது அதன் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி. அவர் வாங்கினால்தான் நிரல் லினஸ் டோர்வால்ட்ஸ் கைக்குப் போகும்.

2016 பிப்ரவரியில் ஏஎம்டி, மானிட்டரைக் கவனிக்கும் பகுதியைப் புதிதாக எழுதி விவாதத்துக்கு வைத்தது. பெயர் டால், அதாவது டிஸ்ப்ளே அப்ஸ்ட்ராக்‌ஷன் லேயர். ஏறத்தாழ 93 ஆயிரம் வரி. பழைய நிரலில் இல்லாத எச்டிஎம்ஐ 2.0 போன்ற வசதிகள் இதில் இருந்தன. விமர்சனம் வந்தது, நிறைய வெட்டினார்கள், பெயரையும் டிசி என்று மாற்றினார்கள். டிசம்பரில் திரும்ப வந்து, "அடுத்து வரும் சிப்புக்கு இதைத்தான் பயன்படுத்தப் போகிறோம், சேர்க்க முடியுமா?" என்று கேட்டார்கள். ஏர்லி முடியாது என்றார்.

பிரச்சினை அந்தப் பெயரில் இருந்த "அப்ஸ்ட்ராக்‌ஷன்" என்ற சொல்லிலேயே இருந்தது. ஏஎம்டியின் நிரல் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. நடுவில் பொது நிரல், அதைச் சுற்றி லினக்ஸோடு பேசுவதற்கு ஒரு மெல்லிய உறை. கம்பெனிக்கு இது சௌகரியம். ஆனால் கெர்னல்காரருக்கு?

டிஆர்எம்மில் இன்டெல், ஏஎம்டி, கைபேசிச் சிப்புகள் என்று பல டிரைவர்கள் ஒரே அடித்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அந்த அடித்தளத்தில் ஒரு செயற்கூற்றை மாற்ற நினைப்பவர், அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் தானே திருத்திவிட்டுத்தான் போக வேண்டும். கெர்னலில் அதுதான் வழக்கம். டிரைவர்கள் ஒரே பாணியில் இருந்தால் இது நடக்கும். ஒன்று மட்டும் தனக்கென்று ஒரு உலகத்தை உள்ளே கட்டி வைத்திருந்தால், வெளியாள் யாரும் அதில் கைவைக்க முடியாது. அடுக்குமாடி வீட்டில் ஒருவர் மட்டும் பொதுக் குழாயை மறைத்துச் சுவர் எழுப்பின மாதிரி. அவர் வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வரும். ரிப்பேர் என்று வரும்போதுதான் கட்டடத்துக்கே தலைவலி. அந்தக் கம்பெனி நாளைக்கு ஆர்வம் இழந்தால், அத்தனை ஆயிரம் வரியும் யார் தலையில் விழும்?

ஏஎம்டி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்களுடைய லினக்ஸ் குழு சின்னது. விண்டோஸோடு நிரலைப் பகிர்ந்துகொண்டால், அங்கே நடக்கும் சோதனையின் பலன் லினக்ஸுக்கும் கிடைக்கும். தனியாக எழுதினால் புது சிப் கடைக்கு வரும் நாளில் டிரைவர் தயாராக இருக்காது. இதையும் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

இந்த இழுபறியில் அவதிப்பட்டவர் கார்டு வாங்கியவர். 2017 ஆகஸ்டில் ஆர்எக்ஸ் வேகா கடைக்கு வந்தது. அந்தச் சிப்புக்கான மற்ற ஆதரவு 4.12 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. மானிட்டர் பகுதி மட்டும் இல்லை! சாதாரணக் கெர்னலை வைத்து அந்தக் கார்டில் படம் பார்க்க முடியாது. ஏஎம்டி தனியாகத் தந்த டிரைவரையோ, ஒட்டுப்போட்ட கெர்னலையோ தேடித்தான் போக வேண்டியிருந்தது.

இதற்கிடையில் ஏஎம்டி ஆட்கள் சுவரை ஒவ்வொரு செங்கல்லாக எடுத்தார்கள். தேவையில்லாத உறைகளை நீக்கி, டிஆர்எம்மின் பொதுக் கட்டமைப்புக்கு நெருக்கமாக நிரலைக் கொண்டுவந்தார்கள். மிச்ச வேலைகளுக்கும் பட்டியல் போட்டார்கள். 2018 ஜனவரியில் வெளியான 4.15 கெர்னலில் டிசி சேர்ந்தது. புதிய சிப்புகளுக்கான பகுதிகளும் சேர்ந்து ஒரு லட்சம் வரிக்கு மேல் வந்தது. ஆக, அளவு பெரிதாக இருந்ததற்காக மட்டும் மறுக்கவில்லை என்பது தெளிவு.

டிஆர்எம்மில் இன்னொரு கறாரான விதியும் உண்டு. கெர்னல் பாதியை மட்டும் திறந்துவிட்டு, வெளிப்பாதியை மூடி வைத்தால் வாங்க மாட்டார்கள். 2010-ல் குவால்காம் அட்ரினோ சிப்புக்கு அப்படித்தான் கொண்டுவந்தது, ஏர்லி மறுத்தார். இது வெறும் கொள்கைப் பிடிவாதம் இல்லை. கெர்னல் ஒருமுறை வெளியே காட்டிய இடைமுகத்தைப் பிறகு உடைக்கக் கூடாது. அதைப் பயன்படுத்தும் நிரலே கண்ணில் படாவிட்டால், எது உடையும், எது பாதுகாப்பானது என்று யார் சொல்வது? பின்னால் ராப் கிளார்க் என்ற நிரலாளர் சிப்பின் நடத்தையை ஆராய்ந்து ஃப்ரீட்ரினோ என்ற ஓப்பன் சோர்ஸ் டிரைவரை எழுதினார். அதற்கான கெர்னல் பாதி 2013-ல் 3.12-ல் சேர்ந்தது. பிறகு குவால்காமே அந்த டிரைவருக்கு நிரல் தர ஆரம்பித்தது.

நீங்கள் ஒரு சின்ன போர்டுக்கு டிரைவர் எழுதினாலும் இதே கணக்குதான். எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் மூட்டையாகக் கொண்டுபோகாதீர்கள். பாதி வேலையிலேயே காட்டிக் கருத்துக் கேளுங்கள். ஒவ்வொரு பேட்ச்சும் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யட்டும். பொது அடித்தளத்தில் ஏற்கெனவே இருக்கும் வசதியை நீங்களே மறுபடி எழுத வேண்டாம். அது போதாது என்றால் அதையே திருத்தி எல்லோருக்கும் கொடுங்கள். புது இடைமுகம் வேண்டுமென்றால், அதைப் பயன்படுத்தும் திறந்த நிரலையும் கூடவே வையுங்கள். உங்கள் நிரல் ஓடுகிறதா என்பதோடு பராமரிப்பாளர் நிறுத்த மாட்டார். நீங்கள் இல்லாத நாளிலும் இதை இன்னொருவரால் திருத்த முடியுமா என்றும் பார்ப்பார்.