கல் உருட்டும் பொறியும் அதன் அடித்தளமும்

கித்துல்கலவில், களனி கங்கையின் நீர் குறைந்த நாள்களில் கரையோரம் இறங்கி நடப்போர், காலடியில் வழவழப்பான உருண்டைக் கற்களைக் காண்பர். மலையினின்று பெயர்ந்தபோது கூரிய விளிம்புகளோடு இருந்த பாறைத் துண்டுகளே ஒன்றோடொன்று மோதியும் மணலோடு உராய்ந்தும் இவ்வடிவம் பெற்றன. இரத்தினபுரியில் மாணிக்கம் அகழ்வோர் 'இல்லம்' என வழங்கும் சரளைப் படையும், பழைய ஆறுகள் இவ்வாறு கொணர்ந்து சேர்த்ததேயாகும். ஆறு நெடுங்காலத்திற் செய்யும் இவ்வினையைச் சில வாரங்களிற் செய்து காட்டும் எளிய கருவியே கல் உருட்டும் பொறி.

இப்பொறி இரு பகுதிகளையுடையது. கற்களும் நீரும் அராவுதூளும் இட்டு மூடப்பட்ட உருளைக்கலம் ஒன்று. அக்கலத்தைத் தாங்கிச் சுழற்றும் அடித்தளம் மற்றொன்று. காண்போர் கருத்துக் கலத்திலேயே செல்லும். பொறியின் வெற்றி தோல்வியோ அடித்தளத்திலேயே தங்கியுள்ளது. இதனை எம் மாணவரும் யாமும் ஒரு தோல்வியின் வாயிலாகவே கற்றோம்.

எமது முதற் பொறிக்கு இறப்பர் மரப் பலகையே அடித்தளம். ஆண்டு மழை 3000 மில்லிமீற்றருக்கு மேற்படும் இவ்வூரில் அப்பலகை ஈரம் குடித்து முறுகியது. இணையாக நிற்கவேண்டிய இரு தண்டுகளும் ஒரு முனையில் நெருங்கி, மறுமுனையில் விலகின. கலம் சுழலுந்தோறும் ஒரு பக்கமாக நகர்ந்து சட்டத்தில் உரசிற்று. மூடி தளர்ந்து சேறு கசிந்தது. அராவுதூள் கலந்த அச்சேறு, தண்டுகள் சுழலும் மரத்துளைகளுட் புகுந்து அவற்றை அகலமாக்கியது. கல்லைத் தேய்க்க இட்ட தூள் பொறியைத் தேய்த்தது! மாணவர் கலத்தையே குறைகூறி இருமுறை புதுக்கலம் அமைத்தனர். மூன்றாம் முறையே, வெறுந் தண்டுகளின் இடைவெளியை அளவுகோல் கொண்டு நோக்கினோம். இரு முனைகளுக்குமிடையே 6 மில்லிமீற்றர் வேறுபாடு இருந்தது.

ஆகவே, அடித்தளத்தை முற்றாகக் கழற்றி, இரும்புக் கோணச் சட்டங்களால் மீண்டும் அமைத்தோம். செவ்வகச் சட்டத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாயின் அதன் கோணங்கள் நேராகும் என்ற கேத்திரகணித உண்மை இங்கு உதவிற்று. தண்டுகளை எவ்வளவு இடைவெளியில் வைப்பது என்பது அடுத்த வினா. மிக நெருங்கின் கலம் புரண்டு விழும். மிக விலகின் இடையிற் சிக்கி இறுகும். எமது கலத்தின் விட்டம் 15 சென்ரிமீற்றர். இறப்பர்க் குழாய் போர்த்திய தண்டின் விட்டம் 2 சென்ரிமீற்றர். எனவே கலத்தின் மையத்திலிருந்து தண்டின் மையம் 8.5 சென்ரிமீற்றர் தூரத்தில் அமையும். தண்டுகளின் மையங்களுக்கிடையேயும் அதே 8.5 சென்ரிமீற்றரை வைத்தோம். மூன்று மையங்களும் சமபக்க முக்கோணமாயின. கலம் உறுதியாக அமர்ந்தது. மரத்துளைகளுக்கு மாறாக, 'பெயரிங்' என யாவரும் வழங்கும் குண்டுப் போதிகைகளைப் பொருத்தினோம். சேறு புகாதவாறு இருபுறமும் மூடப்பட்டவையே இதற்கு ஏற்றவை.

இனி வேகம். கலம் மிக விரைந்து சுழலின் கற்கள் சுவரோடு ஒட்டியே சுற்றும், உராய்வு நிகழாது. எமது கலத்தின் அளவுக்கு அவ்வெல்லை நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 சுற்றாகும். அதனில் மூன்றிலொரு பங்களவே போதுமானது. அப்போது கற்கள் சுவரோடு சற்று ஏறி, மேற்படையாகச் சரிந்து இறங்கும்; தேய்வு நிகழ்வது இச்சரிவிலேயே. எமது மோட்டரின் வேகம் 1440 சுற்று. அதில் 4 சென்ரிமீற்றர் கப்பியையும், தண்டில் 20 சென்ரிமீற்றர் கப்பியையும் பூட்ட, தண்டு 288 சுற்றுச் சுழலும். தண்டின் விட்டம் 2, கலத்தின் விட்டம் 15 ஆதலின், கலம் ஏறத்தாழ 38 சுற்றுச் சுழலும். பெரிய கப்பி மற்றைத் தண்டில் முட்டாதிருக்க, ஓட்டுந் தண்டை மாத்திரம் சட்டத்துக்கு வெளியே நீட்டினோம்.

கற்களைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். 1812 இல் பிரடெரிக் மோசு வகுத்த வன்மை வரிசையில் படிகக்கல்லுக்கு 7. மாணிக்கமும் நீலமும் அடங்கும் குருந்தக்கல்லுக்கு 9. ஆங்கிலேயர் இக்கனிப்பொருளுக்கு வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயரே தமிழ்க் குருந்தத்தினின்று சென்றதாகும். வன்மை ஒத்த கற்களையே ஒரு கலத்தில் இடல் வேண்டும். மாறாயின் மென்மையானவை தேய்ந்தழியும். யாம் எடுத்தது ஆற்றுப் படிகக்கல். இவ்வூர்ப் பெலிலென குகையில் 30,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மாந்தர், கூர்மை வேண்டிப் படிகக்கல்லை உடைத்துச் சிறு கருவிகள் செய்தனர். யாமோ கூர்மையை நீக்குகின்றோம்.

கலத்தின் மூன்றில் இரு பங்குக்குக் கற்களை நிரப்பி, அவற்றின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழ்வரை நீரூற்றி, சிலிக்கன் காபைட்டுத் தூளை முதலிற் பருமனாகவும் பின்னர் படிப்படியாக நுண்ணியதாகவும் இடுதல் வேண்டும். ஈற்றில் மெருகூட்ட அலுமினியம் ஒட்சைட்டு உதவும். ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். படி மாறும்போது கற்களையும் கலத்தையும் நன்கு கழுவுதல் வேண்டும். தங்கிய ஒரு பருந்துகளும் மெருகைக் கீறிவிடும். கழிவுச் சேற்றைக் குழாயில் ஊற்றலாகாது. அடியிற் படிந்து இறுகி அடைத்துவிடும். வாருக்குக் காப்புமூடியும், இரும்புச் சட்டத்துக்குப் புவித்தொடுப்பும் இன்றியமையாதன.

ஆய்வுகூடம் இல்லாத தோட்டப்புறப் பாடசாலையில், முக்கோணமும் கப்பியும் வட்ட இயக்கமும் கனிப்பொருளின் வன்மையும் இவ்வொரு சட்டத்தின்மீது கூடி நின்றன. நான்கு வாரங்களின்பின் கலத்தைத் திறந்தபொழுது, நீர் உலர்ந்த பின்னும் கற்களின் ஒளி மங்கவில்லை. மாணவர் அவற்றைக் கையிலேந்தி மகிழ்ந்தனர். எம் மகிழ்ச்சிக்குக் காரணம் வேறு. மறுவாரம் பொறி சற்றே முனகியபோது, ஒருவரும் கலத்தைத் தொடவில்லை. ஒரு மாணவி அளவுகோலை எடுத்துக்கொண்டு அடித்தளத்தருகே குனிந்தாள்.