ஐஸ்கசி இணைப்புச் சிக்கல் தீர்த்தல்

ஐஸ்கசி என்பது, வட்டுகளை இயக்கும் ஸ்கசி கட்டளைகளை ஐ.பி. வலையமைப்பின் வழியே அனுப்புவதற்கான நெறிமுறை ஆகும். இது 2004 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 3720 என்னும் ஆவணமாக வெளியிடப்பட்டது, 2014-இல் ஆர்.எஃப்.சி. 7143 அதற்கு மாற்றாக வந்தது. மெய்நிகராக்க வழங்கிகளில் இயங்கும் மெய்நிகர் கணினிகளின் வட்டுகளைத் தொலைவிலுள்ள சேமிப்பகத்தில் வைக்க இது பயன்படுகிறது. இவ்விணைப்பு அறுந்தால், அதை நம்பியிருக்கும் மெய்நிகர் கணினிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் முடங்கக்கூடும்.

இணைப்பின் படிகள்

வழங்கி தொடக்கி எனவும், சேமிப்பகம் இலக்கு எனவும் அழைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் தனிப்பெயர் பொதுவாக ஐ.க்யூ.என். வடிவில் அமையும். இணைப்பு பின்வரும் வரிசையில் ஏற்படுகிறது:

1. இலக்கின் டி.சி.பி. போர்ட்டை அடைதல் (வழக்கமாக 3260)
2. இலக்குகளைக் கண்டறிதல்
3. புகுபதிகை
4. லன் எனப்படும் வட்டுப் பகுதிகளைக் காணுதல்

ஒரு படி வெற்றி பெற்றது என்பது அடுத்த படிக்கு உறுதி அன்று. எந்தப் படியில் தடை ஏற்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பொதுவான காரணங்கள்

போர்ட்டை அடைய இயலாமை: பிங் கட்டளைக்கு மறுமொழி வந்தும் 3260-ஆம் போர்ட் திறக்கவில்லையெனில், தீச்சுவர் தடுக்கிறதா, சேமிப்பகத்தில் ஐஸ்கசி சேவை இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிங்கிற்கே மறுமொழி இல்லையெனில் ஐ.பி. முகவரி, விலான் எண் ஆகியவற்றைச் சரிபார்க்கலாம்.

புகுபதிகை மறுப்பு: மறுப்புடன் இலக்கு ஒரு நிலைக் குறியீட்டை அனுப்பும். 0201 என்பது அடையாளச் சோதனையில் தோல்வி. சாப் முறையின் கடவுச்சொல் பிழை இவ்வகையைச் சேர்ந்தது. 0202 என்பது அத்தொடக்கிக்கு அனுமதி இல்லாமை. 0203 என்பது இலக்கு காணப்படாமை.

லன் தெரியாமை: புகுபதிகை நிகழ்ந்தும் வட்டு தோன்றாதபோது, அந்த லன் வழங்கியின் ஐ.க்யூ.என். பெயருக்கு ஒதுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். வழங்கியை மறுபடி நிறுவினால் இப்பெயர் மாறிவிடக்கூடும். சேமிப்பகத்திலோ பழைய பெயரே இருக்கும்.

பெரிய சட்டகங்கள் தடைபடுதல்: புகுபதிகை எளிதில் முடிந்து, கோப்புகளை எழுதும்போது மட்டும் இணைப்பு உறைவது இதன் அடையாளம். வழங்கியிலும் சேமிப்பகத்திலும் சட்டக அளவு 9000 பைட்டு என அமைத்து, இடையிலுள்ள சுவிட்சில் 1500 என விட்டுவிட்டால் சிறிய பொதிகள் கடக்கும், பெரியவை கைவிடப்படும். இதனைக் கண்டறிய, துண்டாக்கலைத் தடுத்து 8972 பைட்டு அளவில் பிங் அனுப்ப வேண்டும். எஞ்சிய 28 பைட்டுகள் ஐ.பி. (20), ஐ.சி.எம்.பி. (8) தலைப்புகளுக்கு உரியவை.

எச்சரிக்கை

சோதனைக்காக ஒரே லன்னை வேறொரு வழங்கிக்கும் திறந்துவிடுதல் ஆபத்தானது. வி.எம்.எஃப்.எஸ். போன்ற கொத்துக் கோப்பு முறைமைகள் பல வழங்கிகள் ஒருங்கே எழுதுவதைத் தாங்கும். எக்ஸ்ட்4, என்.டி.எஃப்.எஸ். ஆகியவற்றில் தரவு சிதைந்துவிடும். இணைப்பு அறுவதால் சேவை நிற்கும், அதை மீட்கலாம். சிதைந்த தரவைக் காப்புப் படி இன்றி மீட்பது அரிது.