படுக்கையருகே ஒரு வேதப்பகுதி

விடியற்காலையில் நோயாளர் பகுதிகளைச் சுற்றி வருகையில், பல கட்டில்களின் அருகே வேதாகமம் திறந்திருப்பதைக் காண்கிறோம். சிலர் தாமே வாசிக்கின்றனர். சிலருக்கு மகளோ கணவரோ வாசித்துக் காட்டுகின்றனர். அவர்களுள் சிலர் ஒரு கேள்வியை எங்களிடம் மனம்விட்டுக் கேட்பதுண்டு. நேற்றுவரை பிறருக்கு உதவியவர், இன்று தண்ணீர் குடிக்கவும் மற்றவர் கையை எதிர்பார்க்கிறார். இந்நிலையில் கிறிஸ்துவின் சீஷராக வாழ்வது எவ்வாறு?

பிறருக்குப் பணிசெய்யவே கிறிஸ்து வந்தார் என்னும் கருத்து மாற்கு சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில் உள்ளது. 1900ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே கட்டிலுடன் மருத்துவப் பணியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் உருவாக்கிய நிறுவனம் அவ்வசனத்தையே தன் குறிக்கோளாக ஏற்றது. ஆனால் அதே சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வருகின்றனர். கூரையைப் பிரித்து அவனை இயேசுவின் முன் இறக்குகின்றனர். அவன் செய்ததெல்லாம் சுமக்கப்பட இசைந்ததே. உதவியை நன்றியோடு ஏற்பதும் சீஷத்துவத்தின் ஒரு பாடம் என்பதை அப்பகுதி உணர்த்துகிறது.

வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டில் நேர்ந்த சாலை விபத்தால் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்; மறுவாழ்வு மருத்துவம் பயின்று, தம்மைப் போன்றோருக்கான சிகிச்சைக்கு வழிகாட்டினார். எல்லாருக்கும் அத்தகைய பணி வாய்ப்பதில்லை. எனினும், இருக்கும் நிலையிலிருந்தே அன்றன்று இயன்றதைச் செய்வது எவர்க்கும் கூடும்.

அன்றாடத் தியானத்திற்கு நீண்ட அதிகாரங்கள் வேண்டியதில்லை. வலியும் மருந்தின் மயக்கமும் உள்ள நாளில் ஐந்தாறு வசனங்கள் போதும். இருமுறை மெல்ல வாசியுங்கள். மனத்தில் தங்கிய ஒரு சொல்லைப் பற்றிக்கொள்ளுங்கள். அதையொட்டி அன்று செய்யக்கூடிய ஒரு செயலைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துக் கட்டிலில் துணையின்றி இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுவதும், அறையைத் துடைக்கும் பணியாளருக்கு நன்றி சொல்வதும், கடிந்து பேசிய மகனிடம் மீண்டும் அன்பாய்ப் பேசுவதும் அத்தகைய செயல்களே.

துயரம் மிகும் நாளில் மகிழ்ச்சியை வருவித்துக்கொள்ள வேண்டியதில்லை. 13ஆம் சங்கீதம் கேள்வியோடு தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. முறையீடும் ஜெபமே. இரவெல்லாம் விழித்திருக்கும் குடும்பத்தாருக்கும் இது பொருந்தும். களைப்பினால் வாசிக்க இயலாத நாளில் குற்றவுணர்வு வேண்டாம். கெத்செமனேயில் சீஷர்களும் உறங்கிப்போனார்கள். இயேசு அவர்களைத் தள்ளிவிடவில்லை.

மருத்துவர்களாய் இரண்டு செய்திகளை வற்புறுத்த விரும்புகிறோம். முதலாவது, நோயைத் தண்டனையென எண்ணி வருந்தாதீர்கள். பிறவிக் குருடனைக் குறித்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனுமல்ல, அவன் பெற்றோருமல்ல என்ற பொருளில் இயேசு பதிலளித்ததை யோவான் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. இரண்டாவது, விசுவாசத்தின் பெயரால் மருந்தை நிறுத்தாதீர்கள். எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தார். ஜெபம் கேட்கப்பட்டது என்று அறிவித்த ஏசாயா தீர்க்கதரிசியே, பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். ஜெபமும் மருந்தும் அங்கே ஒருங்கே நின்றன. உபவாசம் இருக்க விரும்புவோர், குறிப்பாகச் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்போர், முன்னதாக மருத்துவரிடம் கலந்துபேசுங்கள்.

நாளைக் காலை மாற்கு 2ஆம் அதிகாரத்தின் முதல் பன்னிரண்டு வசனங்களை வாசித்துப் பாருங்கள். உங்களைச் சுமந்து வந்தவர் யார் என எண்ணிப் பார்த்து, அவரிடம் ஒரு நன்றிச் சொல் கூறுங்கள். அன்றைய தியானம் அவ்வாறே நிறைவுறட்டும்.