அழியா வர்ணத்தின் இரகசியம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளைக் கண்டு தாம்பரம் நோக்கித் திரும்பும் அன்பர்கள், வழியில் மணிமங்கலத்தில் சற்று நிற்பார்களாக. நரசிம்ம பல்லவன் சளுக்கிய மன்னன் புலிகேசியை முறியடித்த களங்களுள் அவ்வூரும் ஒன்றென்று கூரம் செப்பேடு கூறுகிறது. ‘கல்கி’ ரா. கிருஷ்ணமூர்த்தி எழுதி 1944 முதல் 1946 வரையில் தொடராக வெளிவந்த ‘சிவகாமியின் சபதம்’ நாவலிலும் மணிமங்கலப் போர் வருகிறது.

அந்நாவலை யுத்தக் கதையென்றும் காதல் கதையென்றும் படித்து மகிழ்ந்தோர் பலர். அதனுள் மறைந்தோடும் குறிப்புப் பொருளொன்றை எடுத்துக் காட்டுவதே நமது நோக்கம்.

ஆயனச் சிற்பியாரின் பேராசை, அஜந்தாச் சித்திரங்களின் அழியா வர்ண இரகசியத்தை அறிவது. ராஜ்யத்துக்கு ஆபத்து நெருங்கும் வேளையிலும் அவர் சித்தம் வர்ணத்தைவிட்டு அகலவில்லை. அந்தக் கள்ளமற்ற ஆசையையே நாகநந்தி அடிகள் தமக்குக் கருவியாக்கிக் கொள்கிறார். வர்ண இரகசியத்தை நாடிச் செல்வதாக நம்பி இளைஞன் பரஞ்சோதி சுமந்து போகும் ஓலை, உண்மையில் புலிகேசியைப் படையெடுத்து வரும்படி அழைக்கும் ஓலை! கலையின் பெயரால் புறப்பட்ட தூது, நாட்டின் வாயிலைப் பகைவனுக்குத் திறந்துவிடும் சாவியாக இருந்தது. மாறுவேடம் பூண்ட மகேந்திர பல்லவர் இடையில் அதைக் கைப்பற்றி மாற்றிராவிடில் காஞ்சியின் கதி என்னவாகியிருக்கும்?

இதன் மறுபுறத்தைச் சிவகாமியிடம் காண்கிறோம். சபையில் ரசிகர்கள் போற்ற ஆடியவள், வாதாபியின் நாற்சந்திகளில், சிறைப்பட்ட தமிழ் மக்களின்மேல் விழும் சவுக்கடியை நிறுத்துவதற்காக ஆடுகிறாள். நாடு அடிமைப்பட்டால் கலைக்கு நேரும் கதிக்கு இதைவிடத் தெளிவான சின்னம் வேண்டுமா?

இவையெல்லாம் கதையைச் சுவைப்படுத்தும் உத்திகளே என்று சிலர் கூறலாம். நாம் அதற்கு உடன்படோம். தேச விடுதலைக்காகச் சிறை சென்ற ஆசிரியர், அன்னிய ஆட்சி நீங்காத நாட்களில் எழுதிய கதை இது. வாசகர் அதில் தம் தேசத்தைக் கண்டதில் வியப்பில்லை. எனினும் கல்கி வெற்றி முழக்கத்தோடு முடிக்கவில்லை. வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது, சிவகாமியின் காதலோ கைகூடவில்லை. இறுதிப் பாகத்துக்கு ‘சிதைந்த கனவு’ என்றே பெயரிட்டார். பகைவனை வென்றதோடு காரியம் முடிந்துவிடாது என்பதும் அந்தக் குறிப்பில் அடங்கும்.

இன்று அதே மணிமங்கலத்தின் சுற்றுப்புறத்தில் மோட்டார் வண்டிகளும் கைபேசிகளும் உற்பத்தியாகின்றன. நம் இளைஞரின் கைத்திறன் உலகறிந்தது. ஆயினும் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது, அத்தனை தேர்ந்த கைகளும் செய்வதறியாது நின்றன. கைத்திறன் நம்மிடம் இருந்தது. முடிவு செய்யும் உரிமையும் கருவிகளின் மூல ஞானமும் கடல் கடந்திருந்தன.

அன்னிய ஞானத்தை வெறுக்கச் சொல்கிறோம் இல்லை. வர்ண இரகசியத்தை நாடியதில் ஆயனர் பிழை செய்யவில்லை. தூது அனுப்பியவன் யார், அவன் கருத்து யாது என்று விசாரியாததே பிழை. புதிய ஆலைகளை வரவேற்போர் ஒப்பந்தத்தை எழுத்தெண்ணிப் படிப்பார்களாக. மூல ஞானத்தில் நமக்குள்ள பங்கைக் கேட்டுப் பெறுவார்களாக. இளைஞர்களும் இயந்திரத்தை ஓட்டக் கற்பதோடு நில்லாமல் அதை ஆக்கவும் கற்பார்களாக. ஓலையைச் சுமந்த பரஞ்சோதியே பின்னர் சேனாதிபதியாகி வாதாபியை வென்றான் என்பதை நாம் மறத்தலாகாது.