சுவாசத் தொற்றில் வயிற்றின் அறிகுறிகள்

கோவிட்-19 நோயைக் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஆகியவற்றைக் கொண்டே மக்கள் அடையாளம் கண்டனர் என்றாலும், 2020 ஜனவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உறுதிசெய்யப்பட்ட அந்நாட்டின் முதல் நோயாளிக்கு இருமலுடன் குமட்டலும் வாந்தியும் இருந்தன. மருத்துவமனையில் சேர்ந்தபின் அவருக்கு வயிற்றுப்போக்கும் கண்டது, அவருடைய மலத்திலும் வைரஸின் மரபணுப் பொருள் காணப்பட்டது.

வைரஸ் குடலுக்குள் நுழையும் வழி

வைரஸ் ஓர் உயிரணுவுக்குள் புக வேண்டுமானால் அதன் மேற்பரப்பிலுள்ள ஏற்பி எனப்படும் புரதத்தில் முதலில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கோவிட்-19 வைரஸ் பயன்படுத்தும் ஏசிஇ2 என்னும் ஏற்பி சிறுகுடலின் உட்சுவர் உயிரணுக்களில் மிகுந்து காணப்படுவதோடு, வைரஸின் கூர்முனைப் புரதத்தை வெட்டி நுழைவுக்கு ஆயத்தம் செய்யும் நொதியும் அங்கேயே இருக்கிறது. ஆகவே குடல் தாக்கப்படுவதில் வியப்பில்லை. உட்சுவர் பாதிக்கப்படும்போது நீரையும் உப்புகளையும் உறிஞ்சும் ஆற்றல் குறைவதும், தொற்றை எதிர்த்து உடல் எழுப்பும் அழற்சியும் சேர்ந்தே வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றன என்று கருதப்படுகிறது.

பசியின்மை, குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவையே பெரும்பாலும் காணப்பட்டவை. சீனாவில் 1,099 நோயாளிகளைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வில் வயிற்றுப்போக்கு 3.8 விழுக்காட்டினரிடம் மட்டுமே பதிவாயிற்று. செரிமான அறிகுறிகளை மொத்தமாகக் கணக்கிட்ட பிற ஆய்வுகள் சில இதைவிடப் பன்மடங்கு கூடுதலான அளவைக் காட்டின. பசியின்மையைச் செரிமான அறிகுறியாகக் கணக்கில் சேர்ப்பதா இல்லையா என்பதிலேயே இவ்வேறுபாட்டின் ஒரு பகுதி அடங்கியிருப்பதால், எந்த ஓர் எண்ணையும் தனித்து நம்புவது சரியன்று.

ஹாங்காங் கண்ட முன்னுதாரணம்

2003இல், கோவிட்-19 வைரஸுக்கு உறவான வைரஸால் வரும் சார்ஸ் நோய் பரவியபோது, ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அங்கு வந்து தங்கிய நோயாளி ஒருவருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. குளியலறைத் தரைவடிகால்களில் துர்நாற்றத்தையும் காற்றையும் தடுக்க நீர் தேங்கியிருக்க வேண்டிய வளைகுழாய்கள் பல வீடுகளில் வறண்டு கிடந்தமையால், கழிவுநீர்க் குழாயிலிருந்த நுண்துளிகளை வெளியேற்று விசிறிகள் குளியலறைக்குள் இழுத்தன என விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. இதைக் கொண்டு கோவிட்-19 மலத்தின் வழியாகவே பரவுகிறது என்று சொல்லிவிட முடியாது. மலத்தில் மரபணுப் பொருள் வாரக்கணக்கில் தென்பட்டாலும், தொற்றச் செய்யும் உயிர்ப்புள்ள வைரஸ் அதிலிருந்து அரிதாகவே பிரித்தெடுக்கப்பட்டது. பரவலுக்கு முதன்மை வழி மூச்சுக்காற்றே. எனினும் கழிப்பறையைப் பயன்படுத்தியபின் சோப்பால் கைகழுவுவதை வேண்டாத வேலையாக எவரும் நினைத்துவிடக்கூடாது. மலத்தில் வெளியேறும் இம்மரபணுப் பொருளே, கழிவுநீரைச் சோதித்து ஓர் ஊரில் தொற்று பெருகுவதை முன்கூட்டியே உணரும் கண்காணிப்புக்கும் உதவியது.

குழம்பக்கூடிய இடங்கள்

வயிற்றுக்கோளாறு முதலில் தோன்றினால் உண்ட உணவின் மீது பழி விழுகிறது. சோதனை தாமதமாகிறது, அதற்குள் வீட்டிலுள்ள பிறருக்கும் தொற்றிவிடுகிறது. மறுபுறம், எல்லா வயிற்றுப்போக்குக்கும் கோவிட்-19 வைரஸே காரணமன்று: தேவையின்றி உட்கொள்ளப்பட்ட அசித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் குடலைக் கலக்கக்கூடியவை. இன்ஃபுளுயன்சா காய்ச்சலிலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடமே மிகுதி.

குழந்தைகளிடம் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கோவிட்-19 தொற்றுக்குப் பின் இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் தோன்றும் பல்லுறுப்பு அழற்சி நோய்த்தொகுப்பு ஆகும். விடாத காய்ச்சல், தோல் தடிப்பு, கண்சிவப்பு ஆகியவற்றோடு கடும் வயிற்றுவலியும் சேர்வதால் இது குடல்வால் அழற்சி என்று தவறாகக் கருதப்பட்டதும் உண்டு.

செய்யத்தக்கவை

வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ளவருக்கு உடனடி ஆபத்து நீரிழப்பே. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அமைந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்து, வாந்தி இருந்தாலும் சிறுசிறு மிடறாகக் கொடுத்துவர வேண்டும்; தாய்ப்பாலையும் எளிய உணவையும் நிறுத்தக்கூடாது. மருத்துவர் சொல்லாமல் பேதியை நிறுத்தும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது. சிறுநீர் குறைதல், குழிவிழுந்த கண்கள், மயக்கம், மலத்தில் இரத்தம், விடாத வயிற்றுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு வயிற்று உபாதையோடு, அண்மையில் வந்துபோன சளியையும் காய்ச்சலையும் மறவாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.