காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல் – ஓர் அறிமுகம்

உடலைத் திறவாமலே உள்ளுறுப்பின் வடிவைக் காட்ட வல்லது எம்.ஆர்.ஐ. படம். ஆயினும் வடிவு மட்டுமே நோயை முற்றும் உரைத்துவிடாது. மூளையில் ஒரு கட்டி தென்படுகிறது. அது புற்றா, சீழா என்பது படத்தால் மட்டும் எப்போதும் தெளிவாவதில்லை. அவ்விடத்துத் துணைநிற்பதே காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல். இது திசுவின் வடிவை அன்றி, அதன் வேதியியலை ஆராய்வது.

1946ஆம் ஆண்டில் பிளாக், பர்செல் ஆகிய இருவரும் தனித்தனியே ஆய்ந்து கண்ட அணுக்கருக் காந்த ஒத்ததிர்வே இதற்கு அடிப்படை. இதற்காக 1952இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். 1.5 டெஸ்லா காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கரு ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது. சூழ்ந்துள்ள எலக்ட்ரான்கள் புலத்தைச் சிறிது மறைப்பதால், சேர்மத்துக்குச் சேர்மம் அவ்வதிர்வெண் நுண்ணளவில் வேறுபடும். இதனை வேதிப் பெயர்ச்சி என்பர். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு இதன் அலகு. அவ்வலகில் நீர் 4.7இலும், கோலின் 3.2இலும், கிரியாட்டின் 3.0இலும், என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட் 2.0இலும், லாக்டேட் 1.3இலும் முகடு காட்டும்.

என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட் நரம்பணுக்களின் நலத்தைச் சுட்டும். கோலின் உயிரணுச் சவ்வின் ஆக்க அழிவைச் சுட்டும். மூளைப் புற்றுகள் பலவற்றில் முன்னது தாழப் பின்னது உயரும். சீழ்க்கட்டியிலோ அமினோ அமிலங்களின் முகடு தோன்றக்கூடும்.

இனி, கதிர்ப்படத் தொழில்நுட்பரின் பணியைக் காண்போம். மூளையில் நீரின் செறிவு இச்சேர்மங்களினும் பல்லாயிரம் மடங்கு மிகுதி. ஆதலின் நீரின் குறிப்பலையை முதலில் அடக்குதல் வேண்டும். புலத்தை ஒருசீராக்குதலும் வேண்டும். இன்றேல் அடுத்தடுத்த முகடுகள் ஒன்றாய்க் கலந்துவிடும். அளவிடும் கனசதுரத்தை, மண்டையோடு, தலைத்தோலின் கொழுப்பு, காற்றறைகள் ஆகியவற்றினின்று விலக்கி அமைத்தல் இன்றியமையாதது.

இதில் நேரும் பிழை சிறிதன்று. தலைத்தோலின் கொழுப்பு உட்புகுந்தால், 1.3ஐ ஒட்டிப் பெரும் முகடு எழும். அது லாக்டேட்டை மறைக்கும். திசு மடிந்த கொடும்புற்றின் தோற்றத்தையும் தரக்கூடும். கட்டம் சற்றே இடம் மாறியதால் ஒருவருக்கு வேண்டாத அச்சமும், வேண்டாத திசு ஆய்வும் நேரலாம்.

நிறமாலைக்குப் பொருள் உரைப்பவர் மருத்துவர். அதனைப் பொருள் உரைக்கத் தக்கதாய் ஆக்கித் தருபவரோ தொழில்நுட்பரே ஆவார்.